கல் சுமந்தவன் பெயர் என்ன?

விடியற்காலையில் வேங்கிக்காலிலிருந்து புறப்பட்டோம். தோழர்கள் பதினைவர், வாடகை வேன் ஒன்று, பழம்பெருமை எடுத்துக்காட்ட வழிகாட்டி ஒருவர். அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்தவர்கள் பலர். பொழுதுபோக்க அல்ல, தோழர்களே! நம் முன்னோர் வாழ்ந்த கதையைக் கண்ணால் காண!

முதலில் திருவண்ணாமலைக் கோயிலின் கிழக்குக் கோபுரம். 217 அடி உயரம், 11 நிலைகள். "கிருஷ்ணதேவராயர் தொடங்கினார், தஞ்சை செவ்வப்ப நாயக்கர் முடித்தார்" என்றார் வழிகாட்டி. அண்ணாந்து பார்த்தோம், கழுத்து வலித்தது. கலைத்திறனை மறுப்பார் யார்?

எங்களுடன் வந்த முதிய கல்தச்சர், உளி பிடித்துக் காய்த்த கையை நீட்டிக் கேட்டார்: "தம்பி, தொடங்கினவர் பேரைச் சொன்னே, முடிச்சவர் பேரைச் சொன்னே. நடுவிலே கல்லைச் சுமந்தானே, அவன் பேர் என்னப்பா?"

"அது தெரியாதுங்க ஐயா" என்றார் வழிகாட்டி. குற்றம் அவருடையதா? அவர் படித்த ஏட்டில் அந்தப் பக்கமே இல்லை!

அடுத்து, 1958இல் கட்டி முடித்த சாத்தனூர் அணை. "எங்கப்பன் இங்கே மண்ணு சுமந்தாரு" என்றார் பெரியவர். அவ்வளவுதான். பிறகு பேசவில்லை.

திட்டத்தில் இல்லாத ஓர் ஊருக்கு வண்டியைத் திருப்பச் சொன்னோம். தண்டராம்பட்டுப் பக்கத்து எடுத்தனூர். அங்கே ஒரு நடுகல். 7ஆம் நூற்றாண்டுக் கல். கருந்தேவக்கத்தி என்பவன் தன் எருமைகளைக் காக்கப் போரிட்டு மாண்டான். அவனோடு நின்ற நாய், கோவிவன், கள்வர் இருவரைக் கடித்தது. வீரன் உருவமும் கல்லில் உண்டு. நாயின் உருவமும் உண்டு. இருவர் பெயரும் உண்டு!

மன்னன் பெயர் இல்லையா? உண்டு. மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டு என்று, காலத்தைக் குறிக்க மட்டும்! மன்னன் அங்கே நாட்காட்டி. மாடு காத்தவனே நாயகன்!

அயர்லாந்தைப் பாருங்கள். 1916இல் ஆங்கில ஆட்சியை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்த நாடு. அங்கேயும் பழங்கற்கள் உண்டு. கல்லின் விளிம்பில் கோடு கோடாகக் கீறிய எழுத்து; ஓகம் என்று பெயர். பெரும்பாலும் இன்னான் மகன் இன்னான் என்ற செய்திதான். அதற்கே கார்க் நகரப் பல்கலைக்கழகக் கல்லூரியில் கற்களை வரிசையாக நிறுத்தி, வருவோர்க்கெல்லாம் காட்டுகிறார்கள். வெறும் பெயருக்கே அத்தனை மதிப்பு! உயிர் கொடுத்த கதையைச் சொல்லும் நம் கல்லுக்கு?

செங்கம் வட்டாரத்தில் இத்தகைய நடுகற்கள் ஒன்றல்ல, பல. தமிழ்நாடு தொல்லியல் துறை அவற்றைத் தேடிப் படித்து, 1972இல் நூலாகவே வெளியிட்டது. அறிஞர் தம் கடமையைச் செய்தனர். நாம்?

உங்கள் ஊர் ஏரிக்கரையில், வரப்போரத்தில் உருவம் செதுக்கிய கல் கிடந்தால், துணி துவைக்கப் புரட்டாதீர்கள். படமெடுத்துத் தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள். ஊர்ப்பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்டுங்கள்.

மாலை சாய்ந்தது. பெரியவர் அந்த எழுத்துகளை விரலால் மெல்லத் தடவினார். "நாய்க்கே பேர் வெட்டியிருக்கானே!" என்றார். அவர் கண்கள் கலங்கின.

கோபுரம் அண்ணாந்து பார்க்க வைத்தது. இந்தக் கல் தலைநிமிர வைத்தது. அடுத்த பயணம் இங்கிருந்தே தொடங்கட்டும்!