குறிஞ்சி மலரும் நினைவட்டையும்

ஐந்திணைகளுள் மலையும் மலைசார்ந்த இடமுமாகிய திணைக்குக் குறிஞ்சி என்னும் மலரின் பெயரையே நம் முன்னோர் சூட்டினர். கபிலர் தம் குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்களை அடுக்கிக் கூறியமை தமிழ் பயில்வோர் அனைவரும் அறிந்ததே. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி, பழனி மலைகளில் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் அமைந்த கோடைக்கானல் பகுதியில் 2006ஆம் ஆண்டிலும் 2018ஆம் ஆண்டிலும் மலர்ந்தது. அடுத்த பூப்பு 2030ஆம் ஆண்டில் எதிர்பார்க்கப்படுகிறது.

2018ஆம் ஆண்டு அம்மலரைக் காணச் சென்ற நண்பர் ஒருவர், நாள் முழுதும் எண்ணற்ற படங்களை எடுத்துத் திரும்பினார். வீட்டில் கணிப்பொறியில் இட்டுப் பார்த்தபோது முதலில் எடுத்த சில படங்களே திறந்தன. ஏனையவை பெயரளவில் இருந்தனவேயன்றி உருவமாக இல்லை. படக்கருவியில் பழுதில்லை. மலிவு கருதி வாங்கிய நினைவட்டையே போலியானது. இழந்த படத்தை மீண்டும் எடுக்க அவர் பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். கடைகளில் 'மெமரி கார்டு' என வழங்கும் நினைவட்டையைத் தேர்ந்தெடுக்கும் முறையை அறிவது எத்துணை இன்றியமையாதது என்பதற்கு இதுவே சான்று.

நினைவட்டை என்பது யாது?

பழைய படக்கருவியில் ஒளி படச்சுருளில் பதிந்தது. எண்முறைப் படக்கருவியிலோ ஒளி எண்களாக மாற்றப்பட்டு, மின்னேற்ற வடிவில் அட்டையிலுள்ள நுண்ணறைகளில் சேமிக்கப்படுகிறது. மின்சாரம் நின்ற பின்னும் செய்தி அழியாதிருப்பதே இதன் சிறப்பு. இன்று பெரிதும் வழக்கிலுள்ள எஸ்.டி. அட்டை 1999ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது.

கொள்ளளவு

எஸ்.டி. எனப் பெயர் பெற்றவை 2 ஜிகாபைட் வரையும், எஸ்.டி.எச்.சி. என்பவை 32 ஜிகாபைட் வரையும், எஸ்.டி.எக்ஸ்.சி. என்பவை 2 டெராபைட் வரையும் கொள்வன. பழைய படக்கருவிகள் பல எஸ்.டி.எக்ஸ்.சி. வகையை ஏற்பதில்லை. ஆகவே கருவியுடன் வரும் கையேட்டைப் பார்த்த பின்னரே அட்டை வாங்குதல் வேண்டும்.

சுருக்கப்படாத மூலப்படம் ஒன்று 30 மெகாபைட் எனக் கொண்டால், 32 ஜிகாபைட் அட்டையில் ஏறத்தாழ ஆயிரம் படங்கள் அடங்கும். 128 ஜிகாபைட் அட்டை ஒன்றை நம்புவதினும் 64 ஜிகாபைட் அட்டைகள் இரண்டினைக் கொண்டு செல்வது அறிவுடைமை. ஒன்று கெட்டாலும் மற்றொன்றில் பாதியேனும் எஞ்சும்.

விரைவு

அட்டையின் மேல் பெரிய எழுத்தில் அச்சிடப்படும் எண், பெரும்பாலும் படிக்கும் விரைவின் உச்சமேயாகும். படம் எடுப்பவருக்கு வேண்டுவது எழுதும் விரைவு. அதன் குறைந்த அளவைச் சிறு குறியீடுகள் காட்டும். வட்டத்துள் 10 எனில் நொடிக்கு 10 மெகாபைட். 'யு' எழுத்துள் 3 எனில் 30. 'வி' எழுத்தின் பக்கத்தில் 30, 60, 90 என்றிருப்பின் அவ்வெண்ணே அளவு.

இதன் பயனைக் கோக்கர்ஸ் வாக் பாதையில் நின்று உணரலாம். பள்ளத்தாக்கை மூடிய மேகம் சிறுபொழுதே விலகுகிறது. அவ்வேளையில் தொடர்ச்சியாக 20 மூலப்படங்கள் எடுத்தால் 600 மெகாபைட் ஆகும். நொடிக்கு 30 மெகாபைட் எழுதும் அட்டைக்கு அதைப் பதிய 20 நொடிகள் தேவை. 90 எழுதுவதற்கு 7 நொடிகளே போதும். கருவி எழுதி முடிப்பதற்குள் மேகம் மீண்டும் மூடிவிடக் கூடும். ஒற்றைப் படங்களாக நிதானமாக எடுப்போருக்கு இத்துணை விரைவு வேண்டுவதில்லை. அதற்காக மிகுபொருள் செலவிடுதல் வீண்.

போலியும் பாதுகாப்பும்

போலி அட்டை, உண்மையில் உள்ளதினும் பன்மடங்கு கொள்ளளவு உடையதாகக் கருவிக்குப் பொய்யுரைக்கும். உண்மையான இடம் நிரம்பியபின் வருபவை பதிவதில்லை. அல்லது முன்னவற்றை அழித்துவிடும். எனவே பயணத்திற்கு முன்பே அட்டை முழுவதையும் கோப்புகளால் நிரப்பி, அவை திறக்கின்றனவா எனச் சோதித்தல் நன்று. பதிவு விளக்கு எரியும்போது அட்டையைக் கழற்றலாகாது. படங்கள் தவறி அழிந்தால் உடனே படமெடுப்பதை நிறுத்துக. மேலெழுதப்படாத வரை மீட்க வழியுண்டு.

அட்டை வழித்துணையே, நிலையான இருப்பிடம் அன்று. நுண்ணறைகளின் மின்னேற்றம் காலப்போக்கில் கசியும். கோடைக்கானலில் 1899ஆம் ஆண்டு நிறுவப்பட்ட கதிரவ ஆய்வகம், கண்ணாடித் தகடுகளிலும் படச்சுருள்களிலும் பதித்த கதிரவன் படங்களைத் தலைமுறை தலைமுறையாகப் பேணியது; பின்னர் அவற்றை எண்முறையிலும் படியெடுத்தது. ஒரே செய்தியை ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் காத்தலே அது நமக்குக் கற்பிக்கும் பாடம். மலையிலிருந்து இறங்கிய அன்றே படங்களை வேறு ஈரிடங்களில் படியெடுத்து வைப்போமாயின், 2030ஆம் ஆண்டின் குறிஞ்சி நம் பெயரர்க்கும் மலர்ந்தே இருக்கும்.