உஷார்! ‘உங்களுக்கு ஓட்டத் தெரியலை’ என்றால் நம்பாதீர்கள்

பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னால் விக்கிரவாண்டி டோல்கேட்டில் மாட்டியவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. பாதிச் சென்னை கிளம்பி வந்து அங்கே நிற்கும். பத்தடி நகர்வு, நிறுத்தம், மறுபடி பத்தடி. இந்த வருஷம் அந்த வரிசையில்தான் என் மச்சானின் ஆட்டோமேட்டிக் கார் மூச்சை விட்டது.

திண்டிவனம் தாண்டியதிலிருந்தே வண்டியில் ஒரு உதறல். “ரோடு சரியில்ல மாமா” என்றான். ரோடு நன்றாகத்தான் இருந்தது. டோல்கேட் விளக்குகள் கண்ணில் பட்ட நேரத்தில் டேஷ்போர்டில் பல்சக்கரப் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் இன்ஜின் கத்துகிறது, சக்கரம் அசையவில்லை. பின்சீட்டில் என் மாமியாரும் இரண்டு பிள்ளைகளும். பின்னால் ஒரு அரசு விரைவுப் பேருந்து, ஹாரனில் வைத்த கையை எடுக்காத டிரைவர். நாலு பேர் இறங்கித் தள்ளி ஓரம் கட்டினோம். பனமலைக்கு அன்னியூர் வழியாக வேறொரு வண்டியில் வந்து சேர்ந்தபோது விடிந்துவிட்டது. ஏரிக்கரையில் வண்டி திரும்பி, தாளகிரீசுவரர் மலை கண்ணில் பட்டதும் மாமியார் கையெடுத்துக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். டோல்கேட்டுக்கு அரை மணி நேரம் முன்னால், நூறு கிலோமீட்டர் வேகத்தில், பின்னால் ஒரு டேங்கர் லாரி வரும்போது அந்தச் சக்கரம் கைவிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதுதான் மண்டைக்குள் ஓடியது.

அதைவிடப் பெரிய கோபம் மறுவாரம் வந்தது. சர்வீஸ் சென்டரில் அட்வைசர் தம்பி சிரித்துக்கொண்டே சொன்னார்: “சார், டிராபிக்ல பிரேக்க விட்டு விட்டு ஊர்ந்து போறீங்க. ஆட்டோமேட்டிக் வண்டிக்கு அது ஆகாது. உங்க டிரைவிங் ஸ்டைல்தான் சார் காரணம்.” இது நான்காவது தடவை. மச்சானின் பிளாஸ்டிக் உறையில் இருந்த பழைய மூன்று ஜாப் கார்டுகளையும் வாங்கிப் பார்த்தேன். மூன்றிலும் ஒரே வரி: ஜெனரல் செக்கப். உதறல் என்றோ, இழுவை இல்லை என்றோ ஒரு எழுத்து இல்லை. எழுத்தின்படி பார்த்தால் அந்த வண்டிக்கு இன்றுவரை ஒரு கோளாறும் வந்ததில்லை.

உஷாராக இருக்க வேண்டிய இடம் இதுதான். ‘உங்களுக்கு ஓட்டத் தெரியலை’ என்ற வசனம் நம்மூரில் பிறந்ததில்லை, உலகம் சுற்றிய வசனம். ஆஸ்திரேலியாவில் அதற்கு நீதிமன்றம் விலையே போட்டிருக்கிறது. ஃபோர்டு நிறுவனத்தின் ஃபோகஸ், ஃபியஸ்டா, ஈக்கோஸ்போர்ட் கார்களில் ‘பவர்ஷிப்ட்’ என்ற இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸ் இருந்தது. வண்டி உதறுகிறது, ஓடும்போதே இழுவை போகிறது என்று ஆயிரக்கணக்கானவர்கள் போய் நின்றார்கள். பலருக்கும் கிடைத்த பதில், நீங்கள் ஓட்டும் விதம் அப்படி. அந்த உதறல் கியர்பாக்ஸின் தரக் குறைபாட்டுக்கு அறிகுறி என்று கம்பெனிக்குத் தெரிந்திருந்தும் இப்படிச் சொன்னார்கள். திருப்பி வாங்கிய வண்டிகளை, அவற்றில் இருந்த கோளாறைச் சொல்லாமலே மறுபடி விற்பனைக்கு அனுப்பியதும் நடந்தது. அந்த நாட்டு நுகர்வோர் ஆணையம் வழக்குப் போட்டது. 2018 ஏப்ரலில் ஃபெடரல் நீதிமன்றம் 1 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. வாடிக்கையாளர்களை நடத்திய விதத்துக்குத்தான் அபராதம் என்பதைக் கவனியுங்கள்.

இது எங்கோ நடந்த கதை என்று நினைக்க வேண்டாம். 2013-இல் நம் நாட்டில் ஈக்கோஸ்போர்ட் வந்தபோது அதன் பெட்ரோல் ஆட்டோமேட்டிக்கில் இருந்தது இரட்டைக் கிளட்ச் பவர்ஷிப்ட்தான். செய்த இடம், நாம் சென்னைக்குப் போகும்போதெல்லாம் கடக்கும் மறைமலை நகர். 2017-இல் புது வடிவம் வந்தபோது அந்தக் கியர்பாக்ஸை எடுத்துவிட்டு சாதாரண டார்க் கன்வர்ட்டர் வைத்தார்கள். 2022-இல் தொழிற்சாலையில் உற்பத்தியே நின்றது. பழைய வண்டிகள் மட்டும் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன.

உதறல் ஏன் வருகிறது? இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸில் இரண்டு கிளட்ச் பிளேட்டுகள், ஒன்று ஒற்றைப்படை கியர்களுக்கு, ஒன்று இரட்டைப்படைக்கு. நம் கால் செய்யும் வேலையைக் கம்ப்யூட்டரும் மோட்டாரும் செய்கின்றன. எண்ணெயில் ஊறிக் குளிரும் ‘ஈரக் கிளட்ச்’ ஒரு ரகம். எண்ணெயே படாமல் காற்றில் ஆறும் ‘உலர் கிளட்ச்’ இன்னொரு ரகம். உலர் ரகம் மலிவு, மைலேஜும் தரும். ஆனால் ஊர்ந்து போகும்போது பிளேட் பாதி பிடித்தும் பிடிக்காமலும் தேய்ந்து சூடாகும். சித்திரை வெயிலில் டோல்கேட் வரிசை என்றால் கேட்கவே வேண்டாம். சீல் கசிந்து ஒரு சொட்டு எண்ணெய் பிளேட்டில் பட்டாலும் பிடிப்பு போய் உதறும். கட்டுப்பாட்டுக் கம்ப்யூட்டரே பழுதானால் வண்டி தானாக நியூட்ரலுக்குப் போய்விடக்கூடும். வோக்ஸ்வாகனின் உலர் கிளட்ச் கியர்பாக்ஸான டி.எஸ்.ஜி.யும் இந்தப் பாடத்தைப் படித்தது. 2013 மார்ச்சில் சீனத் தொலைக்காட்சி விவகாரத்தை வெளியே கொண்டுவந்த பிறகு, அந்த நாட்டில் மட்டும் 3,84,181 வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள்.

நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். எல்லாக் குலுக்கலும் கோளாறு ஆகாது. நம் பக்கம் அதிகம் ஓடும் ஆட்டோமேட்டிக்குகள் ஏ.எம்.டி. ரகம், அதாவது மேனுவல் கியர்பாக்ஸை மோட்டார் இயக்கும் வகை. கியர் மாறும்போது தலை லேசாக முன்னால் சாய்வது அதன் சுபாவம். மேனுவல் வண்டியில் கிளட்ச் மேலேயே காலை வைத்துக்கொண்டு ஓட்டிப் பிளேட்டைக் கருக்கிவிட்டுக் கம்பெனியைத் திட்டுபவர்களும் நம்மில் உண்டு. ஆனால் ஓடும் வண்டி தானாக நியூட்ரலுக்குப் போவதோ, இன்ஜின் சொல்லாமல் அணைவதோ எந்த ஸ்டைலிலும் சேராது.

கியர் படிகளே இல்லாத சி.வி.டி. ரக ஆட்டோமேட்டிக் வைத்திருப்பவர்களும் நிம்மதியாக இருந்துவிட முடியாது. இருங்காட்டுக்கோட்டையில் ஆலை வைத்திருக்கும் ஹூண்டாய், 2024 பிப்ரவரியில் கிரெட்டா, வெர்னா பெட்ரோல் சி.வி.டி. வண்டிகளில் 7,698-ஐத் திரும்ப அழைத்தது. அதே மாதம் கியா 4,358 செல்டோஸ்களை அழைத்தது. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: கியர்பாக்ஸின் மின்சார ஆயில் பம்ப்பைக் கட்டுப்படுத்தும் பகுதியில் பழுது வரலாம். 2015-இல் ஹோண்டா 3,879 சிட்டி சி.வி.டி.களை மென்பொருள் மாற்ற அழைத்தது. இன்ஜின் பக்கம் வந்தால், 2024 அக்டோபரில் 90,468 பழைய ஹோண்டாக்களுக்கு ஃப்யூவல் பம்ப் மாற்ற அழைப்பு வந்தது. அந்தப் பம்ப் கெட்டால் இன்ஜின் ஓடும்போதே அணையலாம், அல்லது கிளம்பவே கிளம்பாது. இந்த எண்களைப் பார்த்து அந்தக் கம்பெனிகள் மோசம் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். அழைத்துச் சரிசெய்பவன் பரவாயில்லை. அழைக்காமல் உங்கள் காலைக் குறை சொல்பவனிடம்தான் பயம்.

இதில் நம் பகுதிக்கென்றே ஒரு வில்லங்கம் இருக்கிறது. விழுப்புரம், திண்டிவனம் பக்கம் ஓடும் கார்களில் செகண்ட் ஹேண்ட் நிறைய. சென்னை வண்டி, பி.ஒய். 01 போட்ட புதுச்சேரி வண்டி என்று புரோக்கர் கை மாறி வரும். கம்பெனி ரீகால் கடிதம் அனுப்பினால் அது முதல் ஓனர் வீட்டுக்குப் போகும். அவர் அதைப் பிரித்துக்கூடப் பார்த்திருக்க மாட்டார். நாமோ சர்வீஸ் சென்டர் பக்கமே போகாமல் ஊர் மெக்கானிக்கிடம் ஆயில் மாற்றிக்கொண்டிருப்போம். மச்சான் சர்வீஸ் சென்டருக்குப் போயும் ரீகால் விஷயம் அவன் காதுக்கு வரவில்லை. ஆர்.சி. புக்கில் இருக்கும் 17 இலக்க சேஸிஸ் நம்பரைக் கம்பெனி வலைத்தளத்தின் ரீகால் பக்கத்தில் தட்டினோம். கியர்பாக்ஸ் மென்பொருள் மாற்றம் ஒன்று இரண்டு வருஷமாகப் பாக்கி. நான்கு தடவை உள்ளே போன வண்டியில் அதைக்கூடச் செய்யவில்லை. ரீகால் வேலைக்குக் காசு கிடையாது. வாரண்டி முடிந்திருந்தாலும் சரி, நீங்கள் மூன்றாவது ஓனராக இருந்தாலும் சரி, கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

இந்தச் சந்தையில் வெள்ளத்தில் நின்ற வண்டியும் உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையை மூழ்கடித்தது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது நம் மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அப்போது நீரில் நின்ற கார்களெல்லாம் எங்கே? துடைத்து, சென்ட் அடித்து, சந்தைக்கு வந்திருக்கும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், அடியில் சேற்றுக்கறை இருக்கும். சீட்டுக்கு அடியில் உள்ள போல்ட்டுகளில் துருவைத் தேடுங்கள். தண்ணீரில் நின்ற காரை யார் சொன்னாலும் ஸ்டார்ட் செய்யாதீர்கள். சிலிண்டருக்குள் போன தண்ணீரை அழுத்த முடியாது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். சாதாரண இன்சூரன்ஸில் அதற்குப் பணம் கிடைப்பது கடினம், ‘இன்ஜின் புரொடெக்ட்’ தனியாகப் போட்டிருக்க வேண்டும்.

சரி, நெடுஞ்சாலையில் வண்டி கைவிட்டால்? ஹசார்ட் விளக்கைப் போட்டுவிட்டு, மிச்சமிருக்கும் வேகத்திலேயே இடது ஓரத்துக்கு வாருங்கள். இன்ஜின் அணைந்துவிட்டால் ஸ்டீயரிங் கல்லாகும், ஆனாலும் பலம் போட்டால் திரும்பும். பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காதீர்கள். பூஸ்டரில் இரண்டு மூன்று மிதிக்குத்தான் பலம் மிச்சமிருக்கும், ஒரே அழுத்தாக மிதியுங்கள். வண்டி முழுசாக நிற்கும்வரை சாவியை உருவாதீர்கள், ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். நின்ற பிறகு வண்டிக்குள் உட்கார்ந்து போன் பேசுவதுதான் ஆளைக் கொல்லும் தப்பு. எல்லாரும் இடப்பக்கமாக இறங்கி, தடுப்புக்கு அந்தப்பக்கம் போய் நின்றுகொண்டு 1033-ஐக் கூப்பிடுங்கள், நெடுஞ்சாலை ஆணையத்தின் உதவி எண்.

பிறகு காகித வேலை. ஜாப் கார்டில் உங்கள் வார்த்தையிலேயே எழுதச் சொல்லுங்கள்: எத்தனை கிலோமீட்டர் வேகத்தில், எந்த கியரில், என்ன ஆனது, எந்த விளக்கு எரிந்தது. எழுத மாட்டேன் என்றால் அங்கே உட்கார்ந்தே அதைக் கம்பெனிக்கு மின்னஞ்சலாக அனுப்பிவிடுங்கள். ஸ்கேனரில் வந்த எரர் கோடைப் பிரின்ட் கேளுங்கள். அழிப்பதற்கு முன்னால் கேளுங்கள். விளக்கு எரியும்போது பக்கத்தில் இருப்பவர் வீடியோ எடுக்கட்டும்.

அமெரிக்காவில் திரும்பத் திரும்பப் பழுதாகும் புது வண்டியை ‘எலுமிச்சை’ என்பார்கள். அப்படிப்பட்ட வண்டியைக் கம்பெனி திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற சட்டத்தை 1982-இல் கனெக்டிகட் மாநிலம் முதலில் கொண்டுவந்தது. நாம் எலுமிச்சையைப் புது வண்டியின் சக்கரத்தடியில் வைத்து நசுக்கிவிட்டுக் கிளம்பிவிடுகிறோம், அப்படியொரு சட்டம் இங்கே இல்லை. இருப்பது மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் சேர்த்த 110ஏ பிரிவு. உயிருக்கு ஆபத்தான பழுது என்று போதுமான அளவு புகார் சேர்ந்தால் அரசே திரும்ப அழைக்க உத்தரவிடலாம். 2021 ஏப்ரல் 1 முதல் விதிகள் அமலில் இருக்கின்றன. ஏழு வருஷத்துக்கு உட்பட்ட வண்டிகளுக்குப் பொருந்தும், அபராதம் 10 லட்சம் முதல் 1 கோடி வரை. இதில் எண்ணிக்கைதான் எல்லாம். அரசின் ‘வாகன்’ வலைத்தளத்தின் ரீகால் பக்கத்தில் நீங்கள் பதியாத புகார் கணக்கில் வராது. டீக்கடையில் புலம்பியதை எந்த அமைச்சகமும் எண்ணாது.

நஷ்டஈடு வேண்டுமானால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தொடங்கலாம், முடியாவிட்டால் நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம். வாங்கிய விலை 50 லட்சம் வரை என்றால் விழுப்புரம் மாவட்ட ஆணையமே போதும். வக்கீல் கட்டாயமில்லை, ஆனால் இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். உடனே புது வண்டி கிடைக்கும் என்று கனவு காணாதீர்கள். வாரண்டி என்பது பழுதான பாகத்தை மாற்றித் தருவதற்குத்தான் என்று 2006-இல் மாருதி வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தயாரிப்பிலேயே கோளாறு என்று காட்ட வேண்டிய பாரம் நம் தலையில். இன்னொரு பக்கம், 2009 செப்டம்பரில் ஒரு நிறுவனம் வாங்கிய பி.எம்.டபிள்யூ. நான்கே நாளில் மக்கர் செய்தது. 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் 50 லட்சம் கொடுக்கச் சொன்னது. இடையில் போனது கிட்டத்தட்ட பதினைந்து வருஷம். அவ்வளவு காலம் தாக்குப்பிடிக்கக் காசும் காகிதமும் இரண்டுமே வேண்டும்.

மச்சான் போன திங்கட்கிழமை ஐந்தாவது முறையாகப் போனான். “எழுதினாத்தான் தம்பி எழுந்திருப்பேன்” என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டானாம். மதியம் இரண்டு மணிக்கு எழுதினார்கள்: 60 கி.மீ. வேகத்தில் உதறல், கியர் விளக்கு எரிந்து இழுவை நின்றது. ஸ்கேனர் பிரின்ட்டில் ஒரே கோடு ஏழு முறை பதிவாகியிருக்கிறது. வண்டி இன்னும் அங்கேதான் நிற்கிறது. நீட்டித்த வாரண்டி முடிய ஆறு வாரம் பாக்கி. அவன் தினமும் டவுன் பஸ்ஸில் போய் வருகிறான், அந்த பிளாஸ்டிக் உறை பையிலேயே இருக்கிறது.