உங்களுக்குத் தெரியுமா? உருது பேசுவோரின் ஆங்கிலத்தில் ‘தி’ நழுவுவது ஏன்?

● ஆங்கில ‘தி’க்கு இணையான சொல் உருதுவில் கிடையாது.

● ‘எ’, ‘ஆன்’ வரும் இடங்களில் உருதுவில் பல சமயம் ‘ஏக்’ வரும். ‘ஒன்று’ என்பது பொருள். தொழிலைச் சொல்லும்போது அதுவும் வேண்டாம். ‘வோ டாக்டர் ஹை’ என்றாலே போதும். அந்தப் பழக்கத்தில்தான் ஆங்கிலத்தில் ‘ஷீ இஸ் டாக்டர்’ என்று வந்துவிடுகிறது.

● குறிப்பிட்ட பொருளைச் சுட்ட உருதுவுக்குத் தனி வழி உண்டு. ‘கிதாப் படோ’ என்றால் ஏதோ ஒரு புத்தகமாகவும் இருக்கலாம். ‘கிதாப் கோ படோ’ என்றால் இருவருக்கும் தெரிந்த அந்தப் புத்தகம். ‘புத்தகம் படித்தேன்’, ‘புத்தகத்தைப் படித்தேன்’ என்று தமிழில் ‘ஐ’ உருபு காட்டும் வேறுபாடும் இதுவே.

● விடுபடுவது ஒரு பக்கம் என்றால், விதியைப் படித்தபின் தேவையில்லாத இடத்திலும் சேர்ப்பது மறுபக்கம்: ‘தி நேச்சர் இஸ் பியூட்டிஃபுல்’.

● ரஷ்யர், ஜப்பானியர், சீனர், தமிழர் எல்லோருக்கும் இதே சிக்கல்தான். ஆங்கிலத்தில் மிக அதிகமாகப் புழங்கும் சொல்லே ‘தி’ என்பதால் பிழை உடனே கண்ணில் படுகிறது. தாய்மொழி இலக்கணம் மனதில் ஆழமாகப் பதிந்திருப்பதே இந்தப் பிழைக்குக் காரணம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இரு மொழி வாக்கியங்களையும் அருகருகே எழுதிக் காட்டும் ஆசிரியரிடம் மாணவர்கள் இதை எளிதாகப் பிடித்துக்கொள்வார்கள்.