அம்மாயிக்குத் திறக்கும், தம்பிக்குத் திறக்காது

கண்டி தேசிய வைத்தியசாலையில் மருந்து கொடுக்கும் ஜன்னலடியில் ஒருநாளாவது நின்றிருக்கிறீர்களா, பிள்ளைகளே? கலஹா, தெல்தோட்டை, ஹந்தானை, கட்டுகஸ்தோட்டை என்று எங்கெங்கிருந்தோ விடிய முன்னரே பஸ் ஏறி வந்தவர்கள் வரிசையில் நிற்பார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு கிளினிக் கொப்பி. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருப்பவர் குளிசைகளை எண்ணி, சின்னக் கடதாசி உறைகளில் போட்டு, மேலே பேனாவால் எழுதி நீட்டுவார். நீரிழிவுக்கு மெட்போமின், இரத்த அழுத்தத்துக்கு லொசாட்டன், கொலஸ்ட்ரோலுக்கு அட்டோவஸ்டட்டின். ஒரு மாதத்துக்கான மருந்து நாலைந்து உறைகளில் அடங்கி, ஒரு பையில் வீட்டுக்குப் போய்விடும்.

அந்த உறை ஒன்றைக் கையில் எடுத்துக் கவனமாகப் பாருங்கள். உள்ளே இருப்பதைத் தொட வேண்டாம், உறையை மட்டும் பாருங்கள். காசு அதிகம் பிடிக்காத பொருள் அது. மடிப்பை விரித்தால் போதும், விரல் மூட்டெல்லாம் வீங்கிய அம்மாயிக்கும் திறந்துவிடும். இது பெரிய நன்மை. ஆனால் தவழ்ந்து வரும் இரண்டு வயதுத் தம்பிக்கும் அதே மாதிரித் திறந்துவிடும். ஐந்து உறையும் ஒரே நிறம், ஒரே அளவு. உள்ளே இருக்கும் குளிசைகளில் பாதி வெள்ளை. ஈரக்கை பட்டால் எழுத்து கரையும். மழைக்காலத்தில் கடதாசி தானும் ஈரத்தை உறிஞ்சி, உள்ளே இருக்கும் குளிசைக்கும் கொடுக்கும்.

குளிசை வைக்கும் எந்தப் பாத்திரத்துக்கும் நாலு வேலை உண்டு. மருந்து கெடாமல் காக்க வேண்டும். உள்ளே இருப்பது என்னவென்று சொல்ல வேண்டும். சின்னப் பிள்ளைகளைத் தடுக்க வேண்டும். வயதானவர்களுக்கு வழிவிட வேண்டும். இந்த நாலும் ஒன்றோடொன்று சண்டை போடும் வேலைகள். அதனால்தான் ஒரு சின்ன மூடியைச் செய்யப் பொறியியலாளர்களும் வைத்தியர்களும் ஆண்டுக்கணக்கில் மண்டையை உடைத்திருக்கிறார்கள்.

முதலில் ஈரத்தைப் பார்ப்போம். மலைநாட்டுக் காற்றில் நீராவி அதிகம் என்பது, காயப்போட்ட சீருடை அடுத்த நாளும் ஈரமாய்க் கிடக்கும்போது உங்களுக்கே தெரியும். அஸ்பிரின் குளிசைக்கு அந்த நீராவி எதிரி. நீரோடு சேர்ந்தால் அஸ்பிரின் மெல்ல மெல்ல இரண்டாகப் பிரியும். ஒன்று சலிசிலிக் அமிலம், மற்றது அசற்றிக் அமிலம். அசற்றிக் அமிலம்தான் வினாகிரியின் புளிப்பு. பழைய அஸ்பிரின் உறையைத் திறக்கும்போது வினாகிரி வாசம் அடித்தால், அந்தக் குளிசை கெடத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம், பெரியவர்களிடம் சொல்லிவிடுங்கள். அடுப்புக்குப் பக்கத்துத் தட்டிலும் ஜன்னல் விளிம்பிலும் மருந்து வைக்கக் கூடாது என்பதற்குச் சூடும் ஈரமும் வெளிச்சமும்தான் காரணம்.

கடையில் ஒரு கார்ட் பனடோல் வாங்கினால், பின்பக்கத்தில் மினுமினுக்கும் தாளைப் பார்த்திருப்பீர்கள். அது அலுமினியம். ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றரின் 50இல் ஒரு பங்குதான் தடிப்பு, ஆனாலும் ஓட்டையில்லாத அலுமினியத்தை நீராவியால் ஊடுருவ முடியாது. ஒவ்வொரு குளிசைக்கும் தனி அறை; ஒன்றைத் திறந்தால் மற்றவை மூடியே இருக்கும். அருமையான யோசனை. ஆனால் அதை உடைக்கப் பெருவிரலால் அழுத்த வேண்டும். நடுங்கும் கை அழுத்தினால் குளிசை தெறித்துக் கட்டிலுக்கு அடியில் ஓடும். இன்னொரு சங்கடம், கடையில் நாலு குளிசையை மட்டும் கத்தரித்துக் கொடுக்கும்போது மருந்தின் பெயரும் காலாவதித் திகதியும் மீதித் துண்டிலேயே தங்கிவிடுவதுண்டு.

பெயர் தங்கிவிட்டால் என்ன நடக்கும்? இதற்கு கண்டியோடு உறவுள்ள ஒருவரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். பேராசிரியர் சேனக்க பிபிலே. 1920இல் பிறந்தவர், கண்டி திரித்துவக் கல்லூரியில் படித்தவர், பிறகு பேராதனையில் மருத்துவ பீடத்தின் பீடாதிபதியாக இருந்தவர். மருந்துகள் உடம்பில் எப்படி வேலை செய்கின்றன என்பது அவருடைய துறை. அவர் காலத்தில் ஒரே மருந்தைப் பல கம்பெனிகள் பல பெயர்களில் இந்த நாட்டுக்குக் கொண்டுவந்து விற்றன. பெயர் வேறு, பெட்டி வேறு, விலை வேறு. உள்ளே இருக்கும் மருந்து ஒன்றுதான். ஏறத்தாழ 2,100ஆக இருந்த மருந்துகளின் பட்டியல், பிபிலேயும் தோழர்களும் ஆராய்ந்த பின் 600 அளவுக்குச் சுருங்கியது. 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவானபோது அவரே அதன் முதல் தலைவர். ஊரில் நீங்கள் பார்க்கும் ஒசுசல மருந்துக் கடைகள் அந்தக் கூட்டுத்தாபனத்துடையவைதாம்.

மருந்துக்கு அதன் பொதுப்பெயரை எழுத வேண்டும் என்று அவர் வற்புறுத்தியது காசை மிச்சம் பிடிக்க மட்டும் உதவவில்லை. பனடோலின் பொதுப்பெயர் பரசிற்றமோல். தடிமனுக்கு விற்கும் சில மருந்துகளிலும் அதே பரசிற்றமோல் இருக்கிறது. பெட்டியில் கம்பெனிப் பெயர் மட்டும் பெரிதாய்த் தெரிந்தால், காய்ச்சலுக்கு ஒன்று, தடிமனுக்கு ஒன்று என்று நினைத்து ஒரே மருந்தை இரண்டு மடங்கு விழுங்கிவிடலாம். அளவு மீறிய பரசிற்றமோல் ஈரலைக் கெடுக்கும். பிபிலே 1977இல் காலமானார். மருந்து உறையில் பெயர் தெளிவாக இருக்கிறதா என்று பார்க்கும்போதெல்லாம் அவரை நினைத்துக்கொள்ளலாம். அது நாம் அவருக்குப் பட்டிருக்கும் கடன் என்பது என் எண்ணம்.

பெயர் இருந்தால் மட்டும் போதாது, கண்ணில் படவும் வேண்டும். நியூயோர்க்கில் வடிவமைப்புப் படித்துக்கொண்டிருந்த டெபரா அட்லர் என்ற பெண்ணின் பாட்டி, ஒருநாள் தாத்தாவின் குளிசையைத் தவறுதலாக விழுங்கிவிட்டார். இரண்டு போத்தலும் ஒரே மாதிரி. இருவர் பெயரும் ஆங்கிலத்தில் ஒரே எழுத்தில் தொடங்கும். பாட்டி கவனமில்லாமல் இருந்துவிட்டார் என்று அட்லர் விட்டுவிடவில்லை. போத்தலைப் பார்த்தார். உருண்டைப் போத்தலில் எழுத்து வளைந்து ஓடுகிறது, வாசிக்க வேண்டுமானால் சுழற்ற வேண்டும். ஆகவே முகம் தட்டையான போத்தல் ஒன்றை வரைந்தார். மருந்தின் பெயரே எல்லாவற்றையும்விடப் பெரிய எழுத்தில். வீட்டில் ஆளுக்கொரு நிறத்தில், கழுத்தில் ஒரு வளையம். 2005இல் டார்கெட் என்ற அமெரிக்கக் கடைகளில் அந்தப் போத்தல் வந்தது. தெளிவான எழுத்தும் நிற வளையமும் செய்கிற வேலையை நம் கடதாசி உறையிலும் செய்யலாம், அதற்குப் பெரிய தொழிற்சாலை தேவையில்லை.

எப்படி? வீட்டில் பெரியவர் ஒருவரோடு உட்கார்ந்துகொள்ளுங்கள். காலையில் எடுக்கும் மருந்தின் உறையில் மலைக்குப் பின்னால் எழும் சூரியன், இரவுக்குரியதில் நிலா. சாப்பிட்ட பிறகு எடுப்பதற்கு ஒரு சோற்றுக் கோப்பை. இரண்டு குளிசையானால் இரண்டு வட்டம், அரைக் குளிசையானால் அரை வட்டம். தடித்த கறுப்புப் பேனாவால், பெரிதாக. சிங்களத்தில் எழுதியதை வாசிக்கத் தெரியாத அம்மாயிக்கும், தமிழில் எழுதியதை வாசிக்கக் கண்ணாடி தேடும் தாத்தாவுக்கும், பக்கத்து வீட்டு உம்மும்மாவுக்கும் நிலா நிலாதான். வரைந்ததை அடுத்த கிளினிக் நாளில் மருந்து கொடுப்பவரிடம் காட்டிச் சரியா என்று கேட்டுவிடுங்கள். முன்னே எழுதியிருந்ததை மட்டும் மறைத்துவிடாதீர்கள்.

ஏழு நாளுக்கு ஏழு அறை வைத்த பிளாஸ்டிக் பெட்டி சில வீடுகளில் உண்டு. இன்றைய குளிசையை எடுத்தாயிற்றா இல்லையா என்ற கேள்விக்கு, அறை காலியா என்று பார்த்தே பதில் சொல்லிவிடலாம். நல்ல பெட்டிதான், ஆனால் எல்லாக் குளிசையையும் அதற்குள் போட முடியாது. நெஞ்சுவலி வந்தால் நாக்கின் கீழ் வைக்கும் சின்னக் குளிசை ஒன்று உண்டு. அதிலுள்ள மருந்து தானாகவே ஆவியாகப் பறக்கும், பிளாஸ்டிக்கும் அதை உறிஞ்சிக்கொள்ளும். அதனால் அது வந்த கண்ணாடிப் போத்தலிலேயே, மூடி இறுக்கி இருக்க வேண்டும். தாத்தாவிடம் அப்படியொரு குட்டிப் போத்தல் இருந்தால், அதை யாரும் இடம் மாற்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி மூடிக்கு வருவோம். 1960களில் கனடாவின் வின்சர் நகரில் ஹென்றி பிரோல்ட் என்ற குழந்தை வைத்தியர் இருந்தார். இனிப்பென்று நினைத்து மருந்தை விழுங்கிய சின்னஞ்சிறுசுகளை அவரிடம் தூக்கிக்கொண்டு ஓடிவருவார்கள். ‘கவனமாக இருங்கள்’ என்று பெற்றோருக்குச் சொல்லிச் சொல்லி அவர் அலுத்துப்போனார். மூடியையே மாற்றினால்தான் வழி பிறக்கும் என்று முடிவுசெய்து, கருவி செய்பவர்களைத் தூண்டினார். 1967இல் பிறந்தது, உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே திருகும் மூடி. அந்த மூடி வந்த பிறகு, அந்தப் பகுதியில் மருந்தை விழுங்கி நஞ்சேறிய பிள்ளைகளின் தொகை 10இல் 9 பங்கு குறைந்தது.

அந்த மூடிக்குள் இரண்டு மூடிகள் இருக்கின்றன. உள்மூடியில் திருகுபுரி. வெளிமூடி அதன்மேல் தளர்வாக உட்கார்ந்திருக்கிறது. இரண்டுக்கும் இடையில் சின்னச் சின்னப் பற்கள். சும்மா திருப்பினால், வெளிமூடியின் பற்கள் உள்மூடியின் பற்கள்மேல் ஏறிச் சறுக்கி ‘டிக் டிக்’ என்று சத்தம் போடும், உள்மூடி அசையாது. கீழே அழுத்தினால் பற்கள் கவ்விக்கொள்ளும், இரண்டும் சேர்ந்து சுழலும். மூடும்போது மட்டும் அழுத்தத் தேவையில்லை. பல்லின் ஒருபக்கம் சரிவாகவும் மறுபக்கம் செங்குத்தாகவும் செதுக்கியிருப்பதே காரணம். அழுத்துவது, திருப்புவது இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய மூன்று வயதுக் குழந்தைக்குத் தோன்றுவதில்லை. பலத்தால் பூட்டாமல் யோசனையால் பூட்டிய மூடி அது.

1970இல் அமெரிக்காவில் இதற்குச் சட்டமே வந்தது. புதிய மூடியைச் சோதிக்க மூன்றரை முதல் நாலேகால் வயதுவரையான பிள்ளைகளை இருவர் இருவராக உட்கார்த்தி, வெற்றுப் போத்தலைக் கொடுத்துத் திறக்கச் சொல்வார்கள். 5 நிமிடம் கழித்து எப்படித் திறப்பதென்று செய்தும் காட்டுவார்கள். வேண்டுமானால் பல்லாலும் கடிக்கலாம் என்று சொல்வார்கள்! இன்னொரு 5 நிமிடம் போன பிறகும், 100 பிள்ளைகளில் 80 பேராவது தோற்றால்தான் மூடி பாஸ். நம் ஊரில் மண்ணெண்ணெயைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைக்கும் வழக்கத்தை நினைத்தால் எனக்குப் பதறுகிறது. அதன் மூடி ஒரு பிள்ளையையும் தடுக்காது.

ஆனால் தம்பியைத் தடுத்த மூடி அம்மாயியையும் தடுத்தது. திறக்க முடியாதவர்கள் மூடியைக் கழற்றிவைத்துவிட்டு, போத்தலைத் திறந்தபடியே வைத்தார்கள். பூட்டு இருந்தும் கதவு திறந்து கிடந்தது. எனவே 1995இல் அமெரிக்காவில் விதி திருந்தியது. 50 முதல் 70 வயதுவரையான பெரியவர்களும் சோதனைக்கு உட்கார வேண்டும். 100 பேரில் 90 பேர் திறந்து மூடினால்தான் மூடி செல்லும்.

அம்மாயியின் கைக்கு என்ன கஷ்டம் என்பதை நீங்களே அறியலாம். பழைய ஜாம் போத்தல் ஒன்றை, பிளாஸ்டிக்காக இருந்தால் நல்லது, கழுவி எடுங்கள். கையில் தடித்த காலுறையை மாட்டி, ஆட்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்து நாடாவால் கட்டிவிட்டு மூடியைத் திருகுங்கள். பெட்ரீசியா மூர் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர் 1979 முதல் 1982 வரை செய்தது ஏறக்குறைய இதுதான். அப்போது அவருக்கு 26 வயது. காதை அடைத்து, பார்வையை மங்கவைத்து, உடம்பைக் கட்டி, 80 வயதுப் பாட்டியாக வேடமிட்டு நூற்றுக்கும் மேற்பட்ட நகரங்களில் நடந்தார்.

இப்போது அதே மூடியைச் சுற்றி அகலமான இறப்பர் வளையம் ஒன்றை மாட்டுங்கள். திருகுவது இலேசாகிவிட்டதல்லவா? கைக்கும் மூடிக்கும் இடையில் உராய்வு கூடியிருக்கிறது. இன்னொரு வழியும் உண்டு. போத்தலின் கழுத்து மாறாமல், மூடியின் வெளிவட்டத்தை மட்டும் பெரிதாக்குவது. 10 நியூற்றன் விசையோடு 1.5 சென்ரிமீற்றர் ஆரையுள்ள மூடியைத் திருப்பினால் விசையின் திருப்பம் 0.15 நியூற்றன் மீற்றர். ஆரை 3 சென்ரிமீற்றரானால் அதே விரல், அதே விசை, 0.3 கிடைக்கும். பலம் குறைந்த கைக்கு இரண்டு மடங்கு திருப்பம்.

ஆனால் அகன்ற மூடி தம்பிக்கும் அதே உதவியைச் செய்யுமே? அதனால் சிலர் அழுத்தவே தேவையில்லாத மூடி செய்தார்கள். மூடியில் ஓர் அம்புக்குறி, போத்தலில் ஓர் அம்புக்குறி. இரண்டையும் நேருக்கு நேர் கொண்டுவந்தால் மூடியை மேலே தள்ளிவிடலாம். விரலுக்குச் சுகம், ஆனால் கண் மங்கியவருக்கு அந்தச் சின்ன அம்பு தெரிவதில்லை. அம்மாயியால் முடிந்து, தம்பியால் முடியாதது எது? பலம் இல்லை, பார்வையும் இல்லை. விரலால் தடவி உணரும் மேடு பள்ளமா? இரண்டு கையும் ஒரே நேரத்தில் செய்ய வேண்டிய வேலையா? உங்கள் வீட்டு அம்மாயியின் கையைப் பத்து நிமிடம் பக்கத்திலிருந்து பாருங்கள், பிறகு ஒரு மூடியை வரைந்து எங்களுக்கு அனுப்புங்கள். எந்த விரல் வளைகிறது, எந்த விரல் வளையவில்லை என்பதையும் படத்துக்குப் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.