எந்தக் கைக்குச் செய்த கத்தரிக்கோல்?

சோமனூர், பல்லடம் பக்கம் ஒரு தறிக்குடோனுக்குள் நுழைந்தால் விசைத்தறிகள் எதிரும் புதிருமாக நிற்பதைப் பார்க்கலாம். நடுச் சந்தில் தறி ஓட்டுபவர் நிற்பார். அவருக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. இரண்டும் ஒரே தறி போலத்தான் தெரியும். உற்றுப் பார்த்தால் ஒன்றின் ஹேண்டில் வலது கோடியிலும் மற்றதன் ஹேண்டில் இடது கோடியிலும் இருக்கும். ரைட் ஹேண்ட் லூம், லெஃப்ட் ஹேண்ட் லூம் என்று தறியை இரண்டு வகையாகவே செய்கிறார்கள். எதிரெதிரே நிற்கும் தறிகள் ஒரே வகையாக இருந்தால் ஹேண்டில்கள் சந்தின் இரு முனைகளுக்குப் போய்விடும். இழை அறும்போதெல்லாம் ஓட வேண்டும். ஒன்று மற்றதன் கண்ணாடிப் பிம்பமாக இருந்தால் இரண்டும் ஒரே முனைக்கு வந்துவிடும்.

இத்தனை கனமான இரும்புச் சட்டத்தை இரண்டு கைவாகுக்கும் செய்யத் தெரிந்த நமக்கு, ஒரு கத்தரிக்கோலை அப்படிச் செய்ய வேண்டும் என்று தோன்றவில்லை. இருபது லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தரவுகளைத் தொகுத்து 2020இல் வெளியான ஆய்வு ஒன்று, மனிதர்களில் ஏறத்தாழ 10.6 சதவீதம் பேர் இடக்கைக்காரர்கள் என்கிறது. நாற்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் நான்கு பேர். ‘சோத்தாங்கையில எழுது’ என்று அதட்டி மாற்றப்பட்டவர்கள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். இத்தனைக்கும் இது வளர்ப்பில் வந்து ஒட்டிக்கொண்ட பழக்கமல்ல. எந்தக் கட்டைவிரலைச் சப்புவது என்ற விருப்பம் தாயின் வயிற்றிலேயே ஸ்கேனில் தெரிந்துவிடுகிறது.

கத்தரிக்கோலைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். கூர்மை மட்டும் இருந்தால் அது வெட்டாது. இரண்டு அலகுகளும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு கடக்க வேண்டும். நடுவே மயிரிழை இடைவெளி விழுந்தாலும் துணி அறுபடாமல் மடங்கி உள்ளே சிக்கிக்கொள்ளும். அந்த உரசலில் ஒரு பங்கை ஆணி தருகிறது, மறு பங்கை நம் விரல்கள் தருகின்றன. வலக்கையை மூடும்போது கட்டைவிரல் தன் வளையத்தை உள்ளங்கையை விட்டு வெளியே, அதாவது இடப்புறமாகத் தள்ளுகிறது. மற்ற விரல்கள் தங்கள் வளையத்தை உள்ளங்கையை நோக்கி, வலப்புறமாக இழுக்கின்றன. கைப்பிடி ஒரு பக்கம் போனால், ஆணிக்கு அப்பால் உள்ள அலகு எதிர்ப்பக்கம் சாயும். வழக்கமான கத்தரிக்கோலில் மேலலகு வலப்பக்கம் இருப்பதால், இந்தச் சாய்வு அலகுகளை நெருக்கி ஒட்ட வைக்கிறது. அதையே இடக்கையில் பிடித்தால் எல்லா விசையும் திசை மாறி அலகுகளை விலக்குகிறது. போதாக்குறைக்கு, வெட்ட வேண்டிய கோட்டை மேலலகே மறைத்து நிற்கும்.

கவிழ்த்துப் பிடித்தால் சரியாகாதா என்று கேட்பார்கள். வலது கால் செருப்பை எப்படித் திருப்பினாலும் அது இடது காலுக்குச் சேராது; இதுவும் அப்படித்தான். ஆகவே இடக்கைக்காரர் ஒரு குறுக்கு வழி பழகிக்கொள்கிறார். கட்டைவிரலை உள்ளே இழுத்து, மற்ற விரல்களை வெளியே தள்ளி, இயல்புக்கு நேர்மாறாகப் பிடிக்கிறார். வேலை நடந்துவிடும். கட்டைவிரலின் அடியில் தோல் கன்றிப்போகும். திருப்பூரில் கட்டிங் டேபிளின் முன்னால் நாள் முழுக்க நிற்பவருக்கு இது சின்ன விஷயம் அல்ல. பள்ளியில் வண்ணத்தாள் வெட்டத் தெரியவில்லை என்று திட்டு வாங்கும் பிள்ளைக்கும் அப்படித்தான். பிள்ளையின் கையில் எந்தக் குறையும் இல்லை.

கோவை லேத்துப் பட்டறைகளில் வெர்னியர் காலிப்பரை இடக்கையில் எடுத்தால் எண்கள் தலைகீழாகத் தெரியும். திருகு கதை இன்னும் சுவையானது. முழங்கையை மடக்கி, உள்ளங்கை மேலே வரும்படி முன்கையைத் திருப்பும் அசைவுக்குப் புஜத்தின் இருதலைத் தசை துணை நிற்கிறது. வலக்கையால் திருகை முடுக்குவது அந்த அசைவுதான். இடக்கையால் முடுக்கும்போது எதிர் அசைவு, பலம் குறைவு. ஆனால் துருப்பிடித்த திருகைக் கழற்ற இடக்கைக்காரரைத்தான் கூப்பிட வேண்டும். அங்கே பலம் அவர் பக்கம்.

இடது மரை என்று ஒன்று இல்லாமலும் இல்லை. சைக்கிளின் இடது பெடலில் இருக்கிறது. பட்டறைச் சாணை மிஷினின் இடப்பக்க நட்டிலும் இருக்கிறது. வலது மரை போட்டால் சுழற்சியிலேயே கழன்றுவிடும் என்பதால் போடுகிறார்கள். கிரிக்கெட் மட்டையாளரின் கையுறை இரண்டு கைவாகிலும் கடையில் கிடைக்கிறது. இயந்திரத்துக்குத் தேவை என்றாலோ விளையாட்டுக்குத் தேவை என்றாலோ தயங்காமல் செய்கிறோம். ஒரு தையல்காரருக்கோ மாணவிக்கோ தேவை என்றால் மட்டும் தனி அச்சு கட்டுப்படியாகாது என்கிறோம். எனக்கு இந்தக் கணக்கு நியாயமாகப் படவில்லை.

பழைய சாமான்கள் சில இந்த விஷயத்தில் பெருந்தன்மையானவை. ஆட்டுக்கல்லில் குழியும் வட்டம், குழவியும் வட்டம். எந்தக் கை சுற்றுகிறது, எந்தக் கை மாவைத் தள்ளிவிடுகிறது என்று கல் கேட்பதில்லை. அருவாமணையில் அலகு நடுவில் நிற்க, காய்தான் நகர்கிறது. அதுவும் யாருக்கும் வசப்படும். புதியவற்றில் தமிழ்99 விசைப்பலகையைச் சொல்வேன். 1999இல் தமிழ்நாடு அரசு ஏற்ற அந்த அமைப்பில் உயிரெழுத்துகள் இடக்கைக்கு, மெய் வரிசை பெரும்பாலும் வலக்கைக்கு. இரண்டு கையும் மாறி மாறி உழைக்கும்.

வகுப்பறைதான் இன்னும் மாறவில்லை. எழுதும் பலகை வலப்பக்கம் மட்டும் பொருத்திய கல்லூரி நாற்காலியில், மூன்று மணி நேரப் பரீட்சையை முதுகைத் திருகிக்கொண்டு எழுத வேண்டியிருக்கிறது. வாங்கும்போதே பத்துக்கு ஒன்று இடப்பக்கப் பலகையோடு வாங்கலாம். பெஞ்சு உள்ள பள்ளியில் அந்தச் செலவுகூட இல்லை: இடக்கைப் பிள்ளையை அவருடைய இடப்பக்க ஓரத்தில் உட்கார வைத்தால், பக்கத்துப் பிள்ளையின் முழங்கையோடு இடிக்காது. தமிழ் இடமிருந்து வலம் ஓடுவதால் எழுதிய மை கையில் ஒட்டும். நோட்டின் மேல் இடது மூலை உயரும்படி சற்றுச் சாய்த்து வைத்து, கையை வரிக்குக் கீழே வைத்து எழுதப் பழக்கினால் அது பெருமளவு குறையும்.

கத்தரிக்கோல் வாங்கும்போது ‘இரு கைக்கும் ஏற்றது’ என்று போட்டிருந்தால் பெரும்பாலும் கைப்பிடி மட்டும்தான் பொது, அலகு வலக்கைக்கானது. முனையை முன்னால் நீட்டிப் பிடித்து, மேலே நிற்கும் அலகு எந்தப் பக்கம் என்று பாருங்கள். இடப்பக்கம் இருந்தால் அது இடக்கைக் கத்தரிக்கோல்.