பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்ட அம்மா

பிலிப்பைன்ஸிலிருந்து வேலைக்கு வந்திருக்கிறாள் டெரெசா. வந்தவுடனே வீட்டுக்காரம்மா அவள் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்கிறாள். ஓடிவிடக் கூடாதாம். அதட்டலில்லை, வில்லத்தனமில்லை. வீட்டில் ஆள் வைத்து வேலை வாங்கிய யாருக்கும் இந்த இடத்தில் முகம் கொஞ்சம் சுருங்கும்.

படம், 'இலோ இலோ'. இயக்கிய ஆண்டனி சென், 1984-ல் பிறந்த சிங்கப்பூர்க்காரர்.  லண்டனை அடுத்த பீக்கன்ஸ்ஃபீல்டிலுள்ள தேசியத் திரைப்பட, தொலைக்காட்சிப் பள்ளியில் படித்துவிட்டு லண்டனிலேயே பல வருஷம் குடியிருந்தார். முதல் படத்துக்குக் கதை தேடி மனசு போனதோ, 1997-ன் சிங்கப்பூர் அடுக்குமாடி வீட்டுக்கு.

ஆசிய நிதி நெருக்கடிக் காலம். அப்பாவுக்கு வேலை போய்விட்டது. வீட்டில் மூச்சு விடவில்லை. அம்மா ஆபீசில் உட்கார்ந்து சக ஊழியர்களின் வேலைநீக்கக் கடிதங்களை டைப் அடிக்கிறாள். பையன் சரியான வால். அவனுக்கும் டெரெசாவுக்கும் ஒரே அறை. முறைப்பில் தொடங்கி ஒட்டுதலில் முடிகிறது. விமான நிலையத்தில் பிரியும்போது அவள் தலைமுடியில் ஒரு கற்றையை வெட்டி வைத்துக்கொள்கிறான். அழவைக்க இசையை ஏற்றிவிடாத அந்த நிதானம்தான் சென்னின் பலம்.

2013 மே மாதம் கான் விழாவில், முதல் படத்துக்கான கேமரா தோர் விருது. ஆக்னஸ் வார்தா தலைமையிலான நடுவர் குழு கொடுத்தது. அக்டோபரில் லண்டன் திரைப்பட விழாவின் சதர்லேண்டு விருது. அடுத்து தைவானின் தங்கக் குதிரை விருதுகள், சிறந்த படம் உட்பட நான்கு.

இரண்டாவது படமான 'வெட் சீசன்' வர 2019 ஆகிவிட்டது. முந்தைய படத்தில் அம்மாவும் மகனுமாக நடித்த இயோ யான் யான், கோ ஜியா லெர் இருவரும் இதில் ஆசிரியையும் மாணவனும். துணிச்சல்தான்! 2023-ல் 'டிரிஃப்ட்', கிரேக்கத் தீவு, லைபீரிய அகதி, ஆங்கில வசனம். அழகான படம். ஆனால் 'இலோ இலோ'வின் அந்த வீட்டு நெருக்கம் அதில் எனக்குக் கிடைக்கவில்லை.

டெரெசா கற்பனையல்ல. இயக்குநரைச் சிறுவயதில் எட்டு வருஷம் வளர்த்த பெண்தான் மூலம். படத்தின் பெயரே அவருடைய மாகாணம். 1997-ல் ஊர் திரும்பியவர், எங்கே இருக்கிறார் என்றே தெரியாமல் போயிருந்தது. கான் விருதுச் செய்தி பரவியதும் பிலிப்பைன்ஸ்காரர்களே தேடிக் கண்டுபிடித்தார்கள். அந்த ஆண்டே சிங்கப்பூர் வந்தார், தன் கதையைத் திரையில் பார்க்க.