வெளிநாட்டுப் பணம் நின்றால் சானடோரியத்தில் மாத்திரை நிற்குமா?

பம்மல்வாசிகளுக்கு தாம்பரம் சானடோரியம் எட்டிவிடும் தூரம்தான். 1928-ல் டாக்டர் சவுரி முத்து காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய மருத்துவமனை அது. 1990-களில், எச்.ஐ.வி. என்றாலே பல மருத்துவமனைகள் கதவைச் சாத்தியபோது, தொற்றாளர்களுக்குப் படுக்கை கொடுத்தது. 2004 ஏப்ரல் 1-ல் இலவச ஏ.ஆர்.டி. கூட்டு மருந்து சிகிச்சை நாட்டில் முதலில் தொடங்கிய எட்டு அரசு மருத்துவமனைகளில் இதுவும் ஒன்று.

2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்தி வைத்தது. ஜூலை 1-ல் அந்த உதவியை வழங்கிவந்த யுஎஸ்எய்டு அமைப்பே மூடப்பட்டது. பிரிட்டனும் தன் உதவியை 2027-க்குள் தேசிய வருமானத்தில் 0.3 சதவீதமாகக் குறைக்கிறது. பணக்கார நாடுகள் 0.7 சதவீதம் தர வேண்டும் என்று 1970-லேயே ஐ.நா. இலக்கு வைத்திருந்தது.

இதனால் இங்கே மாத்திரை நின்றுவிடுமா? நிற்காது. 2021 முதல் 2026 வரைக்கான தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் 15,471.94 கோடி ரூபாய், மத்திய அரசின் சொந்த ஒதுக்கீடு. ஒருகாலத்தில் வெளிநாட்டுப் பணத்தைப் பெரிதும் நம்பியிருந்த திட்டம் இது. உதவி என்பது இப்படித்தான், அரசு பொறுப்பேற்கும்வரை தோள் கொடுப்பதாக இருக்க வேண்டும்.

ஆனால் மாத்திரை வாங்க வராதவரைத் தேடிப் போவது யார்? 1995-ல் யுஎஸ்எய்டு நிதியில் சென்னை வி.எச்.எஸ். மருத்துவமனை தொடங்கிய ஏபாக் என்ற எய்ட்ஸ் தடுப்புத் திட்டம், தொண்டு நிறுவனங்கள் மூலம் லாரி ஓட்டுநர்களையும் பாலியல் தொழிலாளர்களையும் அவர்கள் இருக்கும் இடத்திலேயே போய்ப் பார்த்தது. களப்பணியாளரின் வேலை நுணுக்கமானது. தேதி தவறியவருக்கு போன் செய்ய வேண்டும். எடுக்காவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டும். பக்கத்து வீட்டார் கேட்டால் என்ன சொல்வது என்பதையும் யோசித்து வைத்திருக்க வேண்டும். பரிசோதனைக்குத் தயங்குபவரை, அது நடக்கும் நம்பிக்கை மையத்துக்குக் கூடவே அழைத்துப் போக வேண்டும். மாத்திரை அடிக்கடி விட்டுப்போனால் கிருமி மருந்துக்கு அடங்காது.

உதவி நின்றதும் முதலில் அடிபடுவது இந்த வேலைதான். 2025-ல் ஹைதராபாத், கல்யாண், புனே நகரங்களில் திருநர்களுக்கான மித்ர் கிளினிக்குகள் மூடப்பட்டன. நம் சட்டமும் ஏற்கெனவே கையைக் கட்டியிருந்தது: வெளிநாட்டு நன்கொடையை ஒரு நிறுவனம் மற்றொன்றுக்கு மாற்றித் தர 2020-ன் எஃப்.சி.ஆர்.ஏ. திருத்தம் தடை விதித்தது. தெருவில் இறங்கி வேலை செய்த சிறு அமைப்புகளுக்குப் பணம் போய்ச் சேர்ந்ததே அப்படி மாற்றித் தந்த வழியில்தான்.

ஆப்பிரிக்காவில் நிலைமை இன்னும் கொடியது. பல நாடுகளில் மாத்திரையே உதவிப் பணத்தில்தான் வந்தது. அதில் பெரும்பகுதி இந்தியத் தயாரிப்பு. 2001-ல் சிப்லா நிறுவனம் ஒரு நாள் மருந்தை ஒரு டாலருக்கும் குறைவாகத் தர முன்வந்தது உலகச் சந்தை விலையையே சரித்தது. அந்த நாடுகளுக்கு மலிவாகவும் கடனாகவும் மருந்து தர இந்தியா இன்று முன்வரலாம். முன்வர வேண்டும் என்பேன்.

இங்கே செய்ய வேண்டியது அதைவிட எளிது. தேசியத் திட்டத்தின் அடுத்த கட்டத்தில், தொண்டு நிறுவனங்கள் செய்துவந்த களப்பணிக்கும் மாத்திரைக்கு ஒதுக்குவதுபோலத் தனி நிதி ஒதுக்கி, களப்பணியாளருக்கு மாதச் சம்பளம் தர வேண்டும். மத்திய அரசு தாமதித்தால், தமிழக அரசே தன் பட்ஜெட்டிலிருந்து தொடங்கலாம்.